கத்திரி வெட்டிய கடைசிப் பத்தி

நாளிதழின் உடல்நலப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியருக்கு அலுவலகத்தில் 'கத்திரி' என்று பெயர். செய்தி நீளமாக இருந்தால் யோசிக்கவே மாட்டார், அடியிலிருந்து வெட்டுவார். முக்கியமானதெல்லாம் மேலேதான் இருக்கும் என்பது பத்திரிகைக்காரர்களின் நம்பிக்கை. இருபது வருடமாக அவருக்குச் சோறு போட்ட அந்த நம்பிக்கை, இப்போது அவர் சோற்றிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், 'இரவுச் சாப்பாட்டை விட்டால் எடை மளமளவென்று இறங்கும்: ஆய்வில் தகவல்' என்று தலைப்பு. திங்கள் முதல் வீட்டில் சாயங்காலம் அடுப்பு எரியவில்லை.

காரணம் அவர் மனைவி. தையற்கடை நடத்துபவள். மூட்டு வலிக்காகப் போன இடத்தில் டாக்டர், "கொஞ்சம் எடையைக் குறைங்கம்மா" என்று சொல்லியிருந்தார். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். கடைசியில் புருஷனுடைய பத்திரிகையே வழி சொல்ல, அந்தச் செய்தியை நறுக்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள்.

"நீங்க போட்டதாமே மாப்பிள்ளை?" என்றார் கூடவே குடியிருக்கும் அவளுடைய அண்ணன், ஒட்டிய வயிற்றைத் தடவியபடி. "நான் என்ன பாவம் செஞ்சேன்? என்கிட்ட இறங்கறதுக்கு என்ன இருக்கு?"

கத்திரி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தார். வெட்டிப் போட்ட கடைசிப் பத்தி அவருக்கு மட்டும்தான் தெரியும். 'இந்த ஆய்வு இருபத்துநான்கு எலிகளிடம் மூன்று வாரம் நடத்தப்பட்டது. மனிதர்களுக்குப் பொருந்துமா என்பது இன்னும் தெரியவில்லை.' சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சாப்பாடு போகும். மனிதர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, ஐந்து மணிக்கே அலுவலகக் கேன்டீனில் ரகசியமாக ஒரு கட்டு கட்டினார்.

வியாழக்கிழமை விஷயம் முற்றியது. மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தலை கிறுகிறுத்து, ஊசி விரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்ட விரலைப் பார்த்ததும் கத்திரிக்குப் பகீரென்றது.

"இன்னைக்காவது ஒழுங்கா சாப்பிடு."

"நீங்களே போட்டுட்டு நீங்களே இப்படிச் சொல்றீங்களே! இன்னும் கொஞ்ச நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிறேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். குறுக்குவழி தேடினார். எந்த ஆய்வுக்கும் எதிராக இன்னோர் ஆய்வு எங்காவது இருக்கும் என்பது அவருடைய அனுபவம். இருந்தது. வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், 'இரவில் நன்றாகச் சாப்பிடுபவர்களே மெலிகிறார்கள்: புதிய ஆய்வு!' வழக்கம்போல அடியில் வெட்டு.

மனைவி இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"பார்த்தியா? விஞ்ஞானம் மாறிடுச்சு," என்றார் கத்திரி.

"அஞ்சே நாள்லயா?"

"இப்பல்லாம் ரொம்ப வேகம்மா."

"ஒரே ஆளுக்கு ரெண்டு அளவு வந்தா, நான் துணியில கத்திரி வைக்க மாட்டேன். ஆளையே வரவழைச்சு அளப்பேன். இதை நீங்க எங்கேயிருந்து எடுத்தீங்களோ, அதைக் காட்டுங்க."

சொன்னதோடு விடவில்லை. மத்தியானம் அண்ணனையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கத்திரி வேர்த்து விறுவிறுத்து, கணினியில் முழுச் செய்தியைத் திறந்தார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். கடைசிப் பத்தி வந்ததும் குரல் ஏறியது.

"எலியா? அஞ்சு நாளா எலியோட கணக்குல என்னைப் பட்டினி போட்டீங்களா மாப்பிள்ளை?"

"அடுத்ததையும் படிண்ணா."

"பதினோரு பேராம். ரெண்டு வாரமாம். செலவு மொத்தமும் ஒரு பிஸ்கட் கம்பெனியாம்!"

மனைவி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நானும் வெட்டறவதாங்க. ஆனா தையலுக்கு ஒரு இன்ச் விட்டுத்தான் வெட்டுவேன். வெளியே தெரியாது, அது இல்லேன்னா சட்டையே நிக்காது. நீங்க தினமும் அந்த இன்ச்சைத்தான் வெட்டிப் போடறீங்க."

"இடம் பத்தலம்மா..."

"இதுக்குப் பத்துதா?" மேஜையில் கிடந்த அன்றைய பக்கத்தில் அவள் விரல் வைத்தாள்; கொடியிடை காட்டிச் சிரிக்கும் பெண்ணின் படம், கால் பக்கத்துக்கு இருந்தது.

சத்தம் கேட்டு ஆசிரியர் வந்தார். விவரம் கேட்டார். "நாளைக்குத் திருத்தம் போட்டுடலாம்மா, மூலையில சின்னதா" என்றார்.

"மூலையில வேண்டாம் சார். படம் இருந்த இடத்துல போடுங்க. தலைப்பு நான் சொல்றேன். 'இருபத்துநாலு எலி மெலிந்தது. மனிதர்களைப் பற்றித் தெரியாது.'"

"இதை யாரும்மா படிப்பாங்க?"

"விரல்ல கட்டுப் போட்டவ படிப்பா."

ஆசிரியர் கட்டைப் பார்த்தார். கத்திரியைப் பார்த்தார். படத்துக்கு வைத்திருந்த இடம் திருத்தத்துக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் அண்ணன், "இன்னைக்கு அடுப்பு எரியுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"எரியும். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். எனக்கு என்ன சரிப்படும்னு அவரையே உட்கார வெச்சுக் கேட்கப்போறேன்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் வாங்க. அவர் சொல்றதை முழுசா எழுதிக்கணும். முக்கியமா, நாம எழுந்து கதவுகிட்ட வந்தப்புறம் சொல்வார் பாருங்க, அதை!"