அசையாத சொட்டு

கல்யாணமாகி ஆறேழு வருஷம் பிள்ளை இல்லையென்றால் எங்கள் சங்கரன்கோவிலில் யாரும் ஆம்பளையைக் கேட்க மாட்டார்கள். என் அம்மா சீனியம்மாளும் என் மனைவி வேல்விழியைத்தான் கேட்டாள். கேட்டாள் என்றா சொன்னேன், குடைந்தாள். கோமதியம்மன் கோயில் பிரசாதமான புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் காலையில் அவள் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். வேல்விழி கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். மடமடவென்று குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். அவளுக்கு டாக்டர் எடுத்த டெஸ்ட்டுகளில் குறை என்று தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. பாக்கி நான்தான்.

நான் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். மாரிசெல்வம் என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். எந்த லேபுக்குப் போனாலும், விந்து டெஸ்ட்டுக்கு டப்பாவை நீட்டுகிறவன் என்னிடம் கல்யாண மாலை வாங்கியவனாக இருப்பான். தென்காசியிலும் அதே கதைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏட்டி, ஒன் காலேஜ்ல மைக்ராஸ்கோப் இருக்குல்லா. நீயே பாத்துச் சொல்லிரு" என்றேன். வேண்டாம் என்றாள். நான் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அவள் தூத்துக்குடியில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியது சீ அர்ச்சின் என்ற கடல் பிராணியை வைத்து. பார்க்க முள் உருண்டை. மாணவிகளுக்குக் காட்ட நாலைந்தைக் கடல் தண்ணீர் வாளியில் போட்டு வைத்திருந்தாள். அவள் ஊசி போட்டதும் ஒன்று வெள்ளையாக விந்தைக் கக்கியது, இன்னொன்று மஞ்சளாக முட்டைகளை. ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதே இல்லையாம். ரெண்டும் கடலில் விட்டுவிட்டுச் சும்மா இருக்குமாம். எந்த மாமியாரும் யாரையும் கேட்க முடியாது.

"முட்டையச் சுத்தி கண்ணுக்குத் தெரியாத கோந்து மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல இருந்து கரைஞ்சு வாரதுதான் விந்த இழுக்கும். தன் இனந்தானான்னு ஒட்டிப் பாத்துட்டுத்தான் முட்டை உள்ள விடும்" என்றாள்.

ரெண்டையும் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். குழலில் கண்ணை வைத்தேன். ஒரு உருண்டையைச் சுற்றித் தூசி தூசியாக மொய்த்தன. ஒன்று புகுந்திருக்க வேண்டும். முட்டையைச் சுற்றி ஒரு தோல் எழும்பியது. மற்றவையெல்லாம் வெளியே தள்ளப்பட்டன.

"அவ்வளவுதான், கதவச் சாத்தியாச்சு" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு என்னுடையதை வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். தூசி கிடந்தது. ஒன்றுகூட அசையவில்லை.

"அசைவு இல்ல அத்தான்" என்றாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டேன். பிச்சிப்பூ மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன், வாசனை ஏறாது. யார் என்ன விலை கேட்டாலும் சரி என்பேன். வீட்டில் அம்மா மறுபடி புற்றுமண்ணைக் கரைத்தபோது, "அவளுக்குக் கொடுக்காதம்மா. குறை எனக்குத்தான்" என்றேன். அதைச் சொல்லும்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா டம்ளரை என்னிடம் நீட்டினாள். குடித்தேன். மண்ணுக்கும் ருசி இல்லை.

அன்றிலிருந்து வீடே மாறிப்போனது. அம்மா அவளுக்குச் சூடாகத் தோசை வார்த்துப் போட்டாள். 'பாவம், என் மருமக' என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். வேல்விழி அடுப்படியில் நின்று அம்மாவோடு பேசுகிற சத்தம் எனக்குக் கேட்கும். நல்லது என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் அவள் கல்லூரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னைக்குப் பிராக்டிகல். அர்ச்சினோட விந்து வெளிய வரும்போது சும்மாத்தான் கிடக்கும், கடல் தண்ணி பட்டாத்தான் நீந்தும்னு சொல்லிட்டிருந்தேன். ஷாஹின் பானுன்னு ஒரு பிள்ள, நல்ல தண்ணி விட்டா என்ன ஆகும் மேடம்னு கேட்டா. செத்துரும், அதது அதது தண்ணியிலதான் பிழைக்கும்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிஞ்சிட்டு." ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அன்னைக்கு ஒங்களதுலயும் பழக்கதோஷத்துல ஒரு சொட்டு கடல் தண்ணி விட்டேன் அத்தான். மனுஷனோடது அதுல தாங்காது. நான்தான் கொன்னுட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது சந்தோஷம். பிச்சிப்பூ வாசனை குப்பென்று அடித்தது.

"அப்ப எனக்குக் குறை இல்ல!"

"தெரியாது. தென்காசியில ஒழுங்கா டெஸ்ட் எடுக்கணும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் போனை எடுத்து அம்மாவுக்கு அடித்துவிட்டேன். ரிங் போய்க்கொண்டிருந்தது.

"இன்னைக்குக் காலைல அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாங்க" என்றாள் வேல்விழி.

அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தேன். இறுக்கமான பின்னல், அதில் ஒரு முழம் மல்லிகை. அம்மா போனை எடுத்து "என்னல?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, கை பட்டுட்டு" என்று வைத்துவிட்டேன்.

"டெஸ்ட்டுல என்ன வந்தாலும் அம்மாட்ட சொல்லமாட்டேன் விழி. குறை எனக்குத்தான்னு இருக்கட்டும்."

"நீங்க சொல்லமாட்டீங்க அத்தான்" என்றாள். "ஒங்க முகம் சொல்லிரும்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.