உடனிருந்து உதவினேன்

வீட்டுப்பாடத்தில் பெற்றோர் உதவ வேண்டும் என்று பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பாடத்தின் அடியில் 'உடனிருந்து உதவினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். தையற்காரர் அதைக் கடைச் சுவரில் குத்தி வைத்தார்.

அதுவரை எட்டு வாரமும் மகள் தனியாகத்தான் கணக்குப் போட்டாள். எட்டு முறையும் பத்துக்குப் பத்து. பத்து வாரத்தில் ஒன்பது முறை முழு மதிப்பெண் இருந்தால் கணக்குப் போட்டிக்கு அனுப்புவார்கள். இன்னும் ஒன்று போதும்.

ஒன்பதாவது வாரக் கணக்கு: அறுபது சென்டிமீட்டர் நீளமும் நாற்பது அகலமும் உள்ள மேசைவிரிப்பைச் சுற்றித் தைக்க எவ்வளவு லேஸ் வேண்டும்? இருநூறு என்று எழுதியிருந்தாள். தையற்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழிக்கச் சொன்னார்.

"நாலு மூலைக்கும் ஒவ்வொரு சென்டி விடணும். முடிக்கிற எடத்துல மடிக்க ஒண்ணு. இருநூத்தஞ்சு."

"கணக்குல அப்படிக் கேக்கலப்பா."

"லேஸ் கேக்கும்."

அழித்தாள். பத்துக்கு எட்டு வந்தது.

மறுநாள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அவர் பள்ளிக்குப் போனார். டீச்சர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விடையைக் காட்டினார். இதை எழுதியவர்கள் தைத்துப் பார்த்தார்களா என்று தையற்காரர் கேட்டார். வகுப்பு சிரித்தது. மகள் டெஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே இன்னொரு சுற்றறிக்கை வந்தது. பெற்றோர் உதவத் தேவையில்லை. உதவியதாகக் கையெழுத்திட்டால் போதும். அது மற்ற பெற்றோருக்கு என்று தையற்காரர் எடுத்துக்கொண்டார்.

பத்தாவது வாரக் கணக்கைப் பள்ளிப் படிக்கட்டிலேயே போட்டு முடித்துவிட்டு மகள் கடைக்கு வந்தாள். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிய, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நோட்டை நீட்டினாள்.

தையற்காரர் மிஷினை நிறுத்தினார். கணக்கு என்னவென்று கேட்டார். பதினைந்து மீட்டர் துணி, ஒரு சட்டைக்கு இரண்டரை மீட்டர், எத்தனை சட்டை என்று சொன்னாள்.

"நீ என்ன போட்ட?"

"அஞ்சுப்பா."

"ஏன், ஆறு வராதா?"

"துணிய நனைச்சா சுருங்கும்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, 'உடனிருந்து உதவினேன்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். அவள் கையை எடுக்கவில்லை.

பத்துக்குப் பத்து வந்தது. மகள் போட்டிக்குப் போகிறாள். அளவு கொடுக்க வருகிறவர்களை எல்லாம் தையற்காரர் அந்தக் கணக்கைக் கேட்கிறார். ஆறு என்கிறார்கள்.

"அஞ்சு. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் மகள் தலையை நிமிர்த்துவதில்லை.