ஏழு பைன் மரங்களும் ஹர்ஷினியும்

1

இந்தக் கதை ஒரு காகித உறைக்குள் இருந்து வந்தது. சித்தூர்க் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் என் தோழி தேவயானி அதை மேசையில் கவிழ்த்தாள். பைன் மரத்தின் ஊசியிலைகள். அடி பச்சை, நுனி செங்கல் நிறம், நடுவில் கோடு கிழித்தாற்போல் ஒரு மஞ்சள் வளையம். பலமனேருக்கு அருகே ஒரு தக்காளித் தோட்டத்தின் ஓரத்தில் ஏழு மரங்கள் இப்படி இருக்கின்றன என்றாள். நான் மரங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதல் தொடக்கம்: பலமனேர் மேட்டில் பனி இறங்கும் காலைகளில், அந்த ஏழு மரங்களும் தவம் செய்யும் ஏழு முனிவர்களைப் போல

(நிறுத்திவிட்டேன். அவை முனிவர்கள் இல்லை. நோயாளிகள்.)

2

மரங்களை நட்டவர் கன்னையா. மலைமேல் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட வேலை பார்த்தவர். விட்டு வரும்போது கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். நான்கு வருஷத்துக்கு முன் தோட்டத்துக்கு எதிரே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை வந்தது. அவர் மனைவி அம்சவேணி அங்கே பேட்டரி உடைக்கப் போனாள்.

நாங்கள் போனபோது கன்னையா ஒவ்வொரு மரமாகக் காட்டினார்.

"இதோ, மூணாவது மரம், கீழ்க்கிளை. போன ஆடி மாசம் மொதல்ல இங்கதான் நுனி செவந்துச்சு மேடம். அப்பறம் பாதி ஊசி. இப்ப போன வருஷத்து ஊசியே நிக்க மாட்டேங்குது. தெனம் பாத்துக்கினுதான் கீறேன்."

தேவயானி விளக்கினாள். பல மரங்கள் வருஷா வருஷம் இலையுதிர்த்துப் புதிதாகத் தொடங்கிவிடும். பைன் ஒரே ஊசியை இரண்டு மூன்று வருஷம் வைத்திருக்கும். அத்தனை நாள் காற்றில் வந்ததெல்லாம் அதன்மேல் படியும். பட்டறையின் கந்தகப் புகை மூச்சுத்துளை வழியே உள்ளே போய் நுனியிலிருந்து எரிக்கும்.

கன்னையாவின் மகள் ஹர்ஷினி, நாலு வயது, பைன் காய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் கேட்டேன். பதில் இல்லை.

(என் குறிப்பேட்டில் அன்று எழுதியது இன்னும் இருக்கிறது: "வெட்கப்படும் குழந்தை. கதைக்கு அழகு சேர்க்கும்.")

3

ஊசிகளைச் சோதித்த முடிவு வந்ததும் தேவயானி போன் செய்தாள். அவள் மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

"அந்தக் குழந்தை பேசி நீ கேட்டியா?"

"இல்லையே."

"நானும் கேக்கல. ஊசி பூரா ஈயம். நாளைக்கே அவங்களைத் திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

போனோம். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருந்தது, மரத்தில் இருந்ததைப் போலவே. டாக்டரம்மா தெலுங்கில் நிதானமாகச் சொன்னார்: இனி ஈயம் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளலாம், மருந்து கொடுக்கலாம், நின்றுபோன பேச்சில் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

4

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். இரண்டு முறை அம்சவேணியை அழவைத்தேன். அவள் அழவில்லை.)

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் தூங்கியது. திடீரென்று கணவனைப் பார்த்துக் கேட்டாள்:

"எந்தக் கெளை எந்த மாசம் காஞ்சுதுன்னு சொல்றியே. இவ மூணு வார்த்த சேத்துப் பேசிக்கினு இருந்தாளே, அது எப்ப நின்னுச்சு? சொல்லு பாக்கலாம்."

கன்னையாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவளே தணிந்த குரலில் சொன்னாள்: "ஒன்ன கேட்டு இன்னா. அந்த ஈயத் தூச நான்தான் வூட்டுக்குத் தூக்கினு வந்தேன். வேலைக்குக் கட்டின பொடவையோடவேதான் இவளுக்குச் சோறு ஊட்டுவேன். முந்தானையில வாய் தொடப்பேன்."

"நாம துன்றதுக்குத்தானே நீ வேலைக்குப் போனே. நமக்கு யாரு சொன்னாங்க?" என்றார் கன்னையா. அவள் தோளைத் தொடப் போன கை பாதியில் நின்று, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டது.

நான் எதிர் பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் இருந்தும் பார்க்காதவர்களில் மூன்றாவது ஆள் நான்.

5

முடிவுகள்.

ஒன்று: பட்டறை மூடப்படுகிறது, மரங்கள் துளிர்க்கின்றன, குழந்தை அப்பாவை நைனா என்று

(இல்லை. பட்டறைக்கு நோட்டீஸ் வந்தது. ஒன்றரை மாதம் மூடினார்கள். புகைபோக்கியை உயர்த்திவிட்டுத் திறந்தார்கள்.)

இரண்டு: இது நடந்தது. மூன்று மரங்கள் பட்டுப்போயின. கன்னையாவே வெட்டினார். விறகுக்குக் கேட்டு வந்தவர்களிடம், "வேணாம்பா. எரிச்சா திரும்பவும் காத்துலதான் போவும்" என்று கைகூப்பித் திருப்பி அனுப்பினார். அம்சவேணி வேலையை விட்டுவிட்டாள். இப்போது மூவரும் புத்தூரில் அவள் அண்ணன் ஏகாம்பரம் வீட்டில் இருக்கிறார்கள். மீதி நாலு மரங்களை யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. வரும் வியாழக்கிழமை திருப்பதியில் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். இன்று செவ்வாய். காலையில் கன்னையா போன் செய்தார்.

"எழுதிக்கினு கீறீங்கன்னு மேடம் சொன்னாங்க சார். கதைல பாப்பா பேசறாளா?"

"இன்னும் அங்க வரலைங்க."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எழுதறதா இருந்தா, மொதல்ல அவ அம்மாவ கூப்புடற மாதிரி எழுதுங்க சார். என்னிய அப்பறமா கூப்புடட்டும். அவதான் ரொம்ப ஒடஞ்சி கீறா."

சரி என்றேன். அதன்பின் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. நீங்கள் எழுதுவதானால், அவர் கேட்டபடியே எழுதுங்கள்.