ஆறு சீட்டின் மேல் ஒரு படுக்கை

தாண்டவராயனும் அவன் மனைவி ராஜாம்பாளும் பம்பாயிலிருந்து ஏரோப்ளேனில் வந்த சேதி விடிவதற்குள் செஞ்சி கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அறுபத்தாறாம் வருஷம் அது. அந்தத் தெருவில் அதுவரை யாரும் ப்ளேன் ஏறியதில்லை.

பம்பாயில் கட்டட மேஸ்திரியாக இருந்தான் தாண்டவராயன். சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு நாள் ரயில் குலுக்கலை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதால் கம்பெனிக்காரர்களே ப்ளேனுக்கு ஏற்பாடு செய்தார்கள். மெட்ராஸிலிருந்து வேனை மெல்ல ஓட்டி வந்து, அண்ணன் விநாயகத்தின் மளிகைக்கடைக்குப் பின்னாலிருந்த அறையில் கிடத்தினார்கள்.

பார்க்க வந்தவர்கள் கதவோரம் நின்று அவனை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு ராஜாம்பாளிடம் ப்ளேனைப் பற்றிக் கேட்டார்கள்.

"படுத்த ஆள எப்பிடிம்மா ஏத்தினாங்க?" என்றாள் எதிர்வீட்டுச் செல்லம்மாள்.

ராஜாம்பாள் எல்லோருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொன்னாள். "வால் பக்கமா படி இருக்குது, அதுல தூக்கினு போனாங்க. உள்ள பஸ் மாதிரிதான். நடுவுல வழி. ஒரு பக்கம் மூணு மூணு சீட்டு, ஒரு பக்கம் ரெண்டு ரெண்டு. ரெண்டு இருக்கிற பக்கத்துல, கடைசி மூணு வரிசையோட முதுக மடக்கி, அதும்மேல ஸ்ட்ரெச்சர வச்சு பெல்ட்டால கட்டிட்டாங்க."

"ஆறு பேர் உக்கார்ற எடமா?"

"ஆமா. அதுவும் பத்தல. தரையில தண்டவாளம் மாதிரி கம்பி ஓடுது. முன்னால சீட்டுங்கள அதுல இன்னும் தள்ளி வச்சாங்க. ஒருத்தருக்கு முட்டி இடிச்சுது. சத்தம் போட எழுந்தாரு. திரும்பி இவரப் பாத்தாரு. உக்காந்துட்டாரு."

யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலிருந்தது அவள் குரல். வெளியே போகும்போது யாரோ, "ஒரு சொட்டு கண்ணீர் இல்ல பாரு," என்றார்கள். அது அவள் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. பம்பாய் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் இருந்தாள்.

மத்தியானம் கூட்டம் கலைந்தது. புண் வராமலிருக்க அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விநாயகம் தோளைப் பிடித்தார், அவள் காலைப் பிடித்தாள். அவள் கை பட்டது அவனுக்குத் தெரியவில்லை.

விநாயகம் கடைக்குப் போனதும் தாண்டவராயன் வாயைத் திறந்தான். வேனில் ஏறியதிலிருந்து அவன் பேசவே இல்லை.

"ஜன்னல்ல இன்னா தெரிஞ்சுது?"

"எந்த ஜன்னல்லங்க?"

"ப்ளேன்ல. என்னய ஒசரத்துல கட்டிட்டாங்க. எனக்கு சாமான் வைக்கிற பலகதான் தெரிஞ்சுது."

ராஜாம்பாள் யோசித்துப் பார்த்தாள். வழியோரச் சீட்டு அவளுக்கு. ஜன்னல் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். மேகம் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"நான் பாக்கலங்க."

"ஒரு தடவகூடவா?"

"இல்ல. அந்த பெல்ட்டு கழண்டுக்குமோன்னு அதையே பாத்துகினு வந்தேன்."



"கழண்டுச்சா?"

"இல்ல."

விநாயகத்தின் மனைவி தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள். ராஜாம்பாள் பிசைந்து அவனுக்கு ஊட்டினாள். இரண்டாம் வாயில் அவன், "உப்பு இல்ல," என்றான். அவளும் ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். இல்லைதான். உப்பு எடுத்துவர எழுந்து உள்ளே போனாள்.