கையை எடுத்த பிறகும்

மீன்கடைக்காரி நீட்டிய காகிதத் தட்டை வாங்குவதற்காக வெர்னெல் டிஸ்டேல் கிட்டாரிலிருந்து வலது கையை எடுத்தார். அவருடைய பழைய வேடிக்கைதான் அது. வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் நடப்பார். ஏதாவது ஒரு கடை முன்னால் நின்று, இடது கை விரல்களால் மட்டும் தந்திகளைத் தட்டிப் பாட்டை ஓட்டியபடி, வலது கையால் பொரித்த கெளுத்தி மீனை எடுத்துக் கடிப்பார். மிசிசிப்பி ஆற்றங்கரைத் திருவிழாவில் இதைப் பார்ப்பதற்கென்றே வெயிலில் வந்து நிற்பவர்கள் உண்டு. சிவப்புக் கோட்டும் கொண்டை மாதிரி தூக்கி வாரிய தலையுமாக அவர் தென்பட்டாலே "கொக்கரக்கோ!" என்று கூவுவார்கள். சேவல் டிஸ்டேல் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

தட்டின் அடி எண்ணெயில் ஊறி விட்டுப்போனது. மீன் நழுவியது. யோசிக்காமல் இடது கையையும் கொடுத்துத் தாங்கினார்.

பாட்டு நிற்கவில்லை.

கிட்டார் அவர் வயிற்றில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் அவருடைய கிட்டார்தான் கேட்டது. அவர் வழக்கமாக ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கியது.

மீன்கடைக்காரி வாயில் கை வைத்தாள். "அடியாத்தி, இங்க வந்து பாருங்க! கிழவன் தொடவே இல்ல, அதுபாட்டுக்கு வாசிக்குது!"

தலைகள் திரும்பின. வெர்னெல் கூட்டத்துக்கு மேலாக மேடையைப் பார்த்தார். டிரம்ஸுக்குப் பின்னால், இருட்டான மூலையில், இரண்டாவது கிட்டார்காரன் டுவைட் தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். பேஸ் கிட்டாரோடு முன்னால் நின்ற மகள் ஒடெஸா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது.

ஓடி ஒளியலாம். கிட்டாரைக் கழற்றி வீசலாம். அவர் தட்டைக் கடைப்பலகையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினார். விரல்களை அகல விரித்துக் காட்டினார். எழுந்த ஆரவாரத்தில் கடையின் தகரக்கூரை அதிர்ந்தது. லண்டனிலும் பாரிஸிலும்கூட இப்படி ஒரு கைதட்டல் அவருக்குக் கிடைத்ததில்லை.

வேடிக்கை காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு அவர் ஆரம்பிக்கவில்லை. இளம் வயதில் சிகாகோவில் ஒரு மதுக்கடையில் மனம் உருகி வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவனும் கோப்பையிலிருந்து முகத்தைத் தூக்கவில்லை. ஆத்திரத்தில் கிட்டாரை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் தந்தியை இழுத்தார். கடை மொத்தமும் திரும்பியது. அதற்குப் பிறகு போன ஊரில் எல்லாம் பல்லைத்தான் கேட்டார்கள். மனைவி எர்னஸ்டைன் இறந்தபோது அவளுக்காக ஒரு மெதுவான பாட்டுக் கட்டினார். அதில் வேடிக்கை எதுவும் கிடையாது. அதைத் தொடங்கினால் ஜனங்கள் பீர் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

சில மாதங்களாகத்தான் அது மாறியிருந்தது. அந்தப் பாட்டுக்குக் கூட்டம் அசையாமல் நின்றது. போன வாரம் மலைபோன்ற ஒருவன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பார்த்தார். சர்க்கரை வியாதியில் விரல்கள் மரத்து, அந்த மரப்பு மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. காதும் மந்தம். ஆனாலும், உணர்ச்சி போனதில்தான் கைக்கு ஏதோ ஒரு விடுதலை கிடைத்திருக்கிறது, கடைசிக் காலத்தில் வாசிக்க வந்துவிட்டது என்று நினைத்தார். டிரம்ஸ் வாசிக்கும் லூஷியஸிடம் அதைச் சொல்லவும் செய்தார். இளவயதிலிருந்து கூடவே இருப்பவன். "ஆமாண்டா" என்று சொல்லிவிட்டுத் தாளத்தட்டைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்துக்குள் வந்ததும் வெர்னெல் கேட்டார். "எப்பலேருந்து?"

ஒடெஸா வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "மெம்பிஸ்லேருந்துப்பா. அன்னிக்கு ஒரு பாட்டு முழுக்க சுருதி வெலகியே வாசிச்சீங்க. உங்களுக்கே தெரியல. யாராவது கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல. பாவம்னு பாத்தாங்க. என்னால தாங்க முடியல. உங்க கிட்டார் சத்தத்த அணைச்சுட்டு டுவைட்ட வாசிக்கச் சொன்னேன்."

"டேய் சேவலு, பொண்ணத் திட்டாத," என்றான் லூஷியஸ். "நான்தான் சரின்னேன். ரெண்டு மூணு ஊருக்குன்னு நெனச்சோம். அப்பறம் பாத்தா நீ வேன்ல ஒக்காந்து பாடிக்கிட்டு வர்ற. இத்தன வருசத்துல நீ அப்படி வந்து நான் பாத்ததே இல்லடா. எந்த வாயால சொல்றது?"

வெர்னெல் கோட்டுப் பொத்தானை அவிழ்க்கப் பார்த்தார். விரல் அதைப் பிடிக்கவில்லை. விட்டுவிட்டார்.

"உங்கம்மா பாட்டு?"

வயர் சுற்றிய கை நின்றது. "அதுவும்தாம்பா."

தண்ணீர் பாட்டில்களோடு உள்ளே வந்த டுவைட், அதைக் கேட்டதும் அப்படியே திரும்பினான்.

"டுவைட்டு, நில்லு. அந்த மூணாவது அடில இழுத்து, பாதில விட்டுடுறியே. அது யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். வாசிக்கும்போது வந்துச்சு."

"ம். எனக்கு வந்ததில்ல அது. நல்லாருக்கு."

டுவைட் பாட்டில்களைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான்.

அதற்குள் விழா நடத்துபவர் முகமெல்லாம் வேர்வையாகக் கூடாரத்தில் நுழைந்தார். "பெரியவரே, கையத் தூக்கினீங்க பாருங்க, உயிர் போயிருச்சு எனக்கு! சாயங்காலம் மேடை ஏறினதும் மொதல்லயே அத வெச்சுருங்க. அத்தன பேரும் போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு காத்திருக்காங்க."

"அவருக்கு முடியல," என்று ஒடெஸா முன்னால் வந்தாள்.

"அதுல முடியாததுக்கு என்னம்மா இருக்கு?" வெர்னெல் பல் தெரியச் சிரித்தார். சுவரொட்டிகளில் இருக்கும் அதே சிரிப்பு. "ரெண்டு கையையும் தூக்கணும். அவ்வளவுதான? செஞ்சுட்டாப் போச்சு."

விழா நடத்துபவர் போனதும் லூஷியஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். வெர்னெல் உட்காராமல் கூடாரத்தின் பின்பக்கத் துணியை விலக்கிக்கொண்டு வெளியேறினார். கரைமேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினால் ஆறு. காலடியில் சேறு சறுக்கியது. சிவப்புக் கோட்டோடு குத்துக்காலிட்டு, கிட்டார் பிடிக்கும் இடது கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

மண்நிறத் தண்ணீர் விரல்களை மறைத்தது. பிறகு மணிக்கட்டையும் மறைத்தது. கை தண்ணீருக்குள் போயிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நடு ஆற்றில் சரக்குப் படகு ஒன்று போனது. அது கிளப்பிய அலை நிதானமாகக் கரைக்கு வந்து கோட்டுக் கையை நனைத்துக்கொண்டு ஏறியது. முழங்கையைத் தொட்டபோதுதான் அவருக்குக் குளிர்ந்தது.