கோமாம்மாவின் ஒரு பக்கம்

இருமக் கூடாது. அந்தத் தொலைக்காட்சித் தொடரில் அவளுக்கு இருந்த ஒரே வேலை அதுதான். கழுத்துவரை போர்த்திக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு, கண்ணை மூடிக் கட்டிலில் கிடக்க வேண்டும். மகன்கள் தலைமாட்டில் நின்று சொத்துக்கு அடித்துக்கொள்வார்கள். மருமகள்கள் கால்மாட்டில் நின்று ஒருத்தியை ஒருத்தி சபிப்பார்கள். உயில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் கட்டிலில் கிடக்கும் அம்மா ஒருத்திதான். அவள் வாயைத் திறந்தால் கதை முடிந்துவிடும். ஆகவே இருநூற்று எழுபது பகுதிகளாக அவள் வாயைத் திறக்கவில்லை. படப்பிடிப்புக் கூடத்தில் அவளுக்குக் ‘கோமாம்மா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“ஐம்பது வீட்டு அடுப்பு என் வாயில எரியுதுங்க. மூடிக்கிட்டு இருந்தாத்தான் எரியும்” என்பாள் கணவரிடம்.

அவர் தபால் ஆபீசில் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர். தினமும் அவளை அழைத்துக்கொண்டு போய், பலகைச் சுவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் அழைத்து வருவது அவர் வேலை. அறுபத்தொரு வயதில் அவளுக்கு இந்த வேஷம் கிடைத்ததே ஒரு மருத்துவமனை வரிசையில்தான். பழைய மேக்கப்காரம்மா ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டு, “அடி, நீயா? உசுரோடதான் இருக்கியா? ஒரு அம்மா வேஷம் இருக்கு, வர்றியா?” என்று கேட்டாள். அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். “போயேன்” என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எத்தனை காலம் பிடித்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அவள் முன்பு நடித்தவள்தான். மேடையில் நாடகம், பிறகு தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேஷங்கள். கல்யாணத்துக்குப் பிறகும் நடித்தாள். மகள் பிறந்த பின்னும் நடித்தாள். ஒருநாள் தபால் ஆபீசில் பக்கத்து மேசைக்காரன் கணவரிடம் சிரித்துக்கொண்டே, “நேத்து உன் வீட்டுக்காரி டிவியில வேற ஒருத்தன் தோள்ல சாஞ்சு அழுதா, பாத்தியா?” என்றான். அவர் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், கை கழுவும்போது முகத்தைத் திருப்பாமல், “நடிச்ச வரைக்கும் போதும்னு நினைக்கிறேன்” என்றார். அவள், “சரிங்க” என்றாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. மறுநாள் காலையில் கூப்பிட வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

இருமல் இந்தத் தொடருக்கு முன்பே இருந்தது. மருத்துவமனை வரிசையில் அவள் நின்றதே அதற்காகத்தான். தொடர் தொடங்கிய பிறகு மறுபடி காட்டப் போனபோது, நுரையீரல் பழைய ஸ்பாஞ்ச் போல இறுகிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர்.

“வீட்டுல ரெஸ்ட்டா இருங்கம்மா. தூசி, புகை பக்கமே போகாதீங்க. ஆக்சிஜன் மெஷின் ஒண்ணு வாங்கி வச்சுக்கறது நல்லது.”

“என் வேலையே படுத்துக்கிட்டு இருக்கறதுதான் டாக்டர். மாஸ்க்கும் அவங்களே போட்டுவிடுறாங்க” என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். கணவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த மாஸ்க்கின் குழாய் கட்டிலுக்கு அடியில் ஒரு செங்கல்லின் கீழ் செருகியிருந்ததை அவர் பார்த்திருந்தார். அதில் காற்றும் வராது, ஒன்றும் வராது.

கூடத்தில் அவள் நோயை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே வேறொருத்தியைப் படுக்க வைத்துவிடுவார்கள். ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று திரையில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது. கண்ணை மூடிக் கிடப்பவளுக்கு அந்த வரிகூட அவசியமில்லை.

ஒருநாள் மூத்த மகன் உருகி உருகி அழும் இடத்தில் அவள் இருமிவிட்டாள்.

“கட்! யாருய்யா இருமினது?” என்று டைரக்டர் கத்தினார்.

“கோமாம்மா சார்” என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது உதவி இயக்குநர். நாற்பத்தைந்து வயது. பதினெட்டு வருடமாக உதவி இயக்குநர்தான். அங்கே யாரும் வசனம் மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ரேடியோ வரிவரியாகக் கத்துவான், நடிப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். குரலைப் பிற்பாடு ஒலிக்கூடத்தில் தனியாகப் பேசிச் சேர்த்துக்கொள்வார்கள். ஒருதரம் வசனத்துக்கு நடுவே அவன், “அந்த லைட்டைக் கொஞ்சம் இறக்குப்பா” என்று யாருக்கோ சொல்ல, மூத்த மகனாக நடித்தவர் கண்ணில் நீர் வழிய, “அம்மா... அந்த லைட்டைக் கொஞ்சம் இறக்குப்பா” என்று கதறிவிட்டார். இதை வீட்டில் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு இருமலில் போய் முடியும்.

“கோமாவுல இருமற பேஷன்ட்டை இப்பத்தாம்மா பாக்குறேன்” என்றான் ரேடியோ.

“ஆள் இன்னும் போகலைன்னு ஜனங்களுக்கு ஒரு சாடை காட்டினேன் தம்பி.”

கூடம் சிரித்தது. பலகைச் சுவருக்குப் பின்னால் இருந்தவர் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த டேக்கில், எண்பது எண்ணும் வரைக்கும் அவள் இருமலை அடக்கினாள். ‘கட்’ கேட்டதும் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் புரண்டாள்.

மகள் வந்தபோதெல்லாம் அப்பாவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா? இப்படி மூச்சு வாங்குது. வேண்டாம்னு சொன்னா அம்மா கேப்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

கேட்பாள் என்பதுதான் அவருக்குப் பயம். “அவ இஷ்டம்மா” என்றார்.

“நான் ஒரு பக்க வசனத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்டி” என்றாள் அவள் மகளிடம். “எந்தக் கோமாவும் ஒருநாள் தெளியணுமில்ல? தெளிஞ்சா ஒரு பக்கமாவது குடுப்பாங்க. அதைப் பேசிட்டு வந்துடறேன்.”

தொடரை முடித்துக்கொள்ளச் சொல்லிச் சேனல் ஒரு மாதம் கெடு கொடுத்தது. கூடமே துக்க வீடு மாதிரி இருந்தது. அவள் ஒருத்தி முகத்தில்தான் வெளிச்சம். ரேடியோ பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். சரியாக ஒரு பக்கம், இருபத்தொரு வரி. அன்றிலிருந்து பத்து நாள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவர் காகிதத்தைப் பிடித்துக்கொள்வார், அவள் ஜன்னலோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வாள். மூச்சு முட்டினால் நிறுத்துவாள், தண்ணீர் குடிப்பாள், விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து தொடங்குவாள்.

“நான் தூங்கல. மூணு வருஷமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். உனக்கு என்ன வேணும்னு என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.”

இந்த வரிகளை ஒருநாள் கோபமாகச் சொல்வாள், ஒருநாள் கெஞ்சலாக. கடைசியில், கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். “இதுதான் சரி, இல்லைங்க?” என்றாள்.  தன் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாளே என்று அவர் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

படமெடுக்கிற அன்று அவள் ரேடியோவைக் கூப்பிட்டாள்.

“தம்பி, எனக்கு வசனம் படிக்க வேண்டாம். மனப்பாடமா இருக்கு.”

“இருபத்தோரு வரியுமா? தெய்வமே! நான் இன்னிக்கு வாயே திறக்கல, போதுமா?”

மாஸ்க்கைக் கழற்றினார்கள். “ஆக்‌ஷன்” என்றார் டைரக்டர். அவள் கண்ணைத் திறந்திருப்பாள்; பலகைக்குப் பின்னால் இருந்த அவருக்குத் தெரியவில்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். கேட்டது ரேடியோவின் குரல். பதினெட்டு வருடப் பழக்கம் அவன் தொண்டையை விட்டுப் போகவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கத்தித் தீர்த்தான். அதற்கடியில் அவள் குரல் ஏதோ பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கசிந்தது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். ஒரே டேக்.

திரும்பும் வழியில் அவள் கார் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“நல்லா வந்துச்சாங்க?”

“ரேடியோ சத்தம்தான் கேட்டுச்சு.”

“பாவம், விடுங்க. வாயை மூடிக்கிட்டு இருக்கறது எல்லாருக்கும் வருமா?” சிறிது நேரம் கழித்து, “ஒரு இடத்துல தடுமாறிட்டேன். அடுத்த வாரம் குரல் குடுக்கறப்போ சரியாப் பேசிடுறேன்” என்றாள்.

அடுத்த வாரம் அவள் நிஜ மருத்துவமனையில் நிஜ மாஸ்க்கோடு கிடந்தாள். இதில் காற்று வந்தது. அவளால்தான் வாங்க முடியவில்லை. பேசக் கூடாது என்று தாதி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். ஒலிக்கூடத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. இரண்டாவது முறை, “பரவாயில்ல சார், நாங்க ஏற்பாடு பண்ணிக்கறோம்” என்றார்கள். ஆறாம் நாள் மத்தியானம், அவர் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், அவள் போய்விட்டாள்.

பதினான்கு நாள் கழித்து அந்தப் பகுதி ஒளிபரப்பானது. மகளும் அவரும் பார்த்தார்கள். அவள் கண் திறந்தது, தலை திரும்பியது, உதடு அசைந்தது. வந்தது யாரோ ஒருத்தியின் குரல். கனமான, நல்ல பயிற்சி பெற்ற குரல்.

“இது அம்மா இல்லப்பா” என்றாள் மகள். “நிறுத்துங்கப்பா.”

மறுநாள் அவர் ஒலிக்கூடத்துக்குப் போனார். குரல் சேர்க்கிறவர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவள் பேசியது எங்கேயாவது மிச்சமிருக்குமா என்று கேட்டார் இவர்.

“ஷூட்டிங்ல பிடிச்ச சத்தம் இருக்கு சார். அதை வச்சுத்தான் நாங்க உதட்டுக்கு ஒட்டுவோம். ஆனா ரேடியோ சத்தம்தான் தூக்கலா இருக்கும், பரவாயில்லயா?” கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டே சொன்னார்: “ஒரு இடத்துல மட்டும் உதடு ஒட்டவே இல்ல. டப்பிங் அம்மா ‘மூணு’வை இழுத்து இழுத்துப் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாத்தான் தெரியுது, இவங்க மாத்திச் சொல்லியிருக்காங்க. வயசானவங்க, எண்ணிக்கை தடுமாறும்.”

ஓடவிட்டார். ரேடியோ கத்தினான்: “மூணு வருஷமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன்.” அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவள் குரல், விலை கேட்கிற அந்தச் சாதாரணக் குரல், தெளிவாக வந்தது.

“முப்பத்தோரு வருஷமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். உனக்கு என்ன வேணும்னு என்னை யாரும்...”

மற்றது ரேடியோவின் அடுத்த வரிக்குள் போய்விட்டது. அவர் விரல் விட்டு எண்ணவில்லை. வண்டியைத் திருப்பி அனுப்பியபோது மகளுக்கு மூன்று வயது. இப்போது முப்பத்து நான்கு.

“பென்டிரைவ்ல போட்டுத் தரட்டுமா சார்? இல்லன்னா இந்த மாசக் கடைசியில அழிச்சுடுவோம்.”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக அவருக்கு வழி இருந்தது. கேட்கப்போவது யாருமில்லை. கொஞ்ச நேரம் அந்தத் திரையில் மேலும் கீழும் போன கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “குடுங்க” என்றார்.

மகள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கேட்டாள். அம்மாவின் குரல் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி அந்த இடத்துக்கே போனாள்.

“மூணு வருஷம்னுதானேப்பா எழுதியிருந்துச்சு? நீங்கதானே பேப்பரைப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க. அம்மா ஏன் முப்பத்தொண்ணுங்கறாங்க?”

அவர் சொன்னார். பக்கத்து மேசைக்காரன் சிரித்ததை, கை கழுவியதை, தான் சொன்ன வார்த்தையை, அவள் சொன்ன ‘சரிங்க’வை. ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மகள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு அப்போ அடிக்கடி ஜுரம் வருமாம். என்னை விட்டுட்டுப் போக மனசில்லாம நடிப்பை விட்டுட்டேன்னு அம்மா சொன்னாங்க. எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னாங்க. என்னாலதான்னு நான் இத்தனை வருஷமா...”

 அவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

“உட்காருங்கப்பா” என்றாள். அவள் அவரிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. “முழுசாக் கேளுங்க.”

முதலிலிருந்து ஓடவிட்டாள். அவர் உட்கார்ந்தார்.