வசந்தத்தில் ஓர் ஓட்டை

வசந்தத்தைப் போல ஒரு பித்தலாட்டக்காரி கிடையாது. முப்பது வருஷமாகப் படம் வரைகிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கோடை ஒரு மக்கு. எங்கே பார்த்தாலும் ஒரே பச்சை, மாடுதான் ரசிக்கும். இலையுதிர் காலம் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கும். பனிக்காலம் ஒன்றுதான் யோக்கியம். வந்து உட்கார்ந்தால் மூன்று மாசம் அசையாது. நான் பாட்டுக்கு நிதானமாக வரையலாம்.

ஆகவே பனிக்காலம் மட்டுமே வரைந்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் உழுத நேரம் போகக் கண்ணாடியில் படம் வரைகிறவர்கள். கண்ணாடியின் முதுகில் வரைந்து முகத்தின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். அதனால் எல்லாமே தலைகீழ். மிகக் கிட்டத்தில் இருப்பதை முதலில் வரைய வேண்டும், அதற்குப் பின்னால் இருப்பது அடுத்து, வானம் கடைசியில். முன்னால் ஒரு கோழியை மறந்துவிட்டால் மறந்ததுதான். அதை நுழைக்கப் பின்னால் உள்ள அத்தனையையும் சுரண்டி எறிய வேண்டும். புத்தியுள்ளவன் எவனும் அதைச் செய்ய மாட்டான்.

மார்ச் மாதம், சூசையப்பர் திருநாளன்று, பதினோராவது பனிப் படத்துக்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி யால்ஷா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யோவ் இம்ப்ரோ, வெளிய மூணு மாசம் பனி, உள்ள வருஷம் பூராப் பனி. என்னைக் கட்டிக்கிட்டு வந்தியா, ஐஸ்பெட்டியில வைக்கக் கொண்டு வந்தியா?"

"வாங்குறவன் பனிதாண்டி கேக்குறான்."

"நானும்தான் கேட்டேன். இருபத்தெட்டு வருஷமா ஒரே ஒரு வசந்தம் வரைன்னு கேட்டேன். காதுல வாங்குனியா நீ?"

பெட்டியைக் கட்டினாள். திராவா ஆற்றுக்கு அந்தப் பக்கம், தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். ஏப்ரல் கடைசியில் ஜார்ஜியார் திருநாளுக்கு வந்து பார்ப்பாளாம். சுவரில் வசந்தம் இருந்தால் இருப்பாள். இல்லாவிட்டால் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவாள். தையல் மெஷின் என்றதும் சுத்தியலைக் கீழே வைத்தேன். வெறும் கோபத்துக்கு யாரும் தையல் மெஷின் வரை போக மாட்டார்கள்.

மூன்று நாள் வீராப்பாக இருந்தேன். நாலாம் நாள் பீன்ஸ் சூப்பு அடிப்பிடித்தது. தனியாக உட்கார்ந்து அதைத் தின்றேன். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஏப்ரல் பிறந்ததும் ஜன்னலுக்கு வெளியே பிளம் மரம் பூத்தது. கண்ணாடியை எடுத்தேன். முதலில் பூக்கள். நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தேன். சாயம் காய மூன்று நாள். அதற்குள் காற்றடித்து மரம் பாதி மொட்டை. கிளையை வரைய நிமிர்ந்தால் இலை எட்டிப் பார்க்கிறது. திங்களன்று வெயில், செவ்வாயன்று ஆலங்கட்டி, புதனன்று வெட்கமே இல்லாமல் பனி! ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

"ஒரு இடத்துல நில்லுடி, சனியனே!"

பக்கத்து வீட்டு பிளாஷ் வேலிக்கு மேல் தலையை நீட்டினான். "யாரைத் திட்டுற? யால்ஷா வந்துட்டாளா?"

"வசந்தத்தைத் திட்டுறேன்."

"அவளும் போயிட்டாளா?" என்றவன், பாவம் பார்த்துப் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தான்.

ஆனால் திட்டுவதற்காகப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கண் திறந்தது. பனியில் வெள்ளை என்றால் வெள்ளை. பூவில் அப்படியில்லை. நடுவில் கொஞ்சம் பச்சை, ஓரத்தில் சிவப்பு மாதிரி ஒன்று, நிழலில் நீலம். இத்தனை வருஷமாக இந்த மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன், மடையன். திருநாளுக்கு நாலு நாள் முன்பு வானத்தைப் பூசி முடித்தேன். காய்ந்ததும் திருப்பி ஆணியில் மாட்டிப் பார்த்தேன். இதைவிட நல்ல படம் நான் வரைந்ததில்லை.

யால்ஷா வந்தாள். பெட்டியைக் கீழே வைக்காமலே படத்தின் முன் நின்றாள்.

"நல்லா இருக்குய்யா," என்றாள். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் இன்னும் கிட்டே போனாள். "மரத்தடியில இது நம்ம பெஞ்சுதானே? கட்டிக்கிறியான்னு நீ என்னைக் கேட்ட பெஞ்சு."

"அதேதான்."

"பிளாஷோட கோழி இருக்கு. குளவிகூட இருக்கு. கிட்டத்துல இருக்கிறதத்தான் மொதல்ல வரையணும்னு ஊருக்கே பாடம் எடுப்பியே. நான் எங்கய்யா?"

நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். பெஞ்சு காலி. அவளுக்காகவே வரைந்த படத்தில் அவளை மறந்திருந்தேன். யால்ஷா தையல் மெஷின் இருந்த மூலைக்கு நடந்தாள்.

படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கவிழ்த்தேன். பிளேடை எடுத்துப் பெஞ்சைச் சுற்றிச் சுரண்டினேன். வானம் போயிற்று. கிளை போயிற்று. நாலு நாள் வைத்த பூக்கள் தூளாகி மேசையில் உதிர்ந்தன.

"அட பைத்தியக்காரா! நல்ல படத்த ஏன்யா பாழாக்குற?"

"கத்தாத. பெஞ்சுல போய் உக்காரு."

மேசையில் கிடந்த தூளைப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கீழே வைத்தாள். "மூக்கப் பெருசாப் போட்டே, கைய ஒடிச்சிருவேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

மரத்தில் அப்போது ஒரு பூகூட இல்லை. கண்ணாடியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். சாயம் சுரண்டிய ஓட்டைக்குள் சரியாக இருந்தாள், முறைத்துக்கொண்டு. கிட்டத்தில் இருப்பதுதான் முதலில். மூக்கிலிருந்து ஆரம்பித்தேன்.